எல்லையில் எழும் அலை

மலைமேல் இருந்த ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தபோது இருதயராஜுக்கு வயது ஐம்பத்து நான்கு. மனைவி இறந்தபின் கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவருடைய ஆசிரியை திலகவதி அவரைவிட இளையவர். அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

ஒரு பிற்பகல் இருதயராஜ் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தார். பூமியின் காந்தப்புலம் முடிந்து சூரியக்காற்று தொடங்கும் எல்லையை ஒரு விண்கலம் கடந்த பதிவு. கோடு ஒரே இடத்தில் ஏறி, பிறகு நேராக ஓடியது.

“இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்களே, சார். ஏற்ற இறக்கமெல்லாம் எங்கே?”

“கருவிக் கோளாறு, மேடம். உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே என்று காட்டியது. விண்கலம் அப்படித் திரும்பித் திரும்பிப் போகுமா? அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டேன்.”

“விண்கலம் தன் வழியில்தான் போனது. எல்லைதான் அலையடித்து அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.”

“எல்லை ஏன் அலையடிக்க வேண்டும்?”

திலகவதி ஜன்னலைத் திறந்தார். பள்ளத்தாக்கு நிறைய மூடுபனி, அசையாமல். அதன்மேல் காற்று உரசி ஓடிக்கொண்டிருந்தது. பனியின் மேல்பரப்பு புடைத்தது, வளைந்தது, சுருண்டது. ஒரு சுருள் மேலிருந்த காற்றை வாரிக்கொண்டு உள்ளே இறங்கியது.

“சூரியக்காற்றும் இப்படித்தான் உள்ளே வருகிறது” என்றார்.

இருதயராஜின் கைபேசி ஒலித்தது. பார்த்தார். எடுக்கவில்லை.

“யார் சார்?”

“மகள். பியூலா. வருவாள், சண்டை போடுவாள், அழுதுகொண்டே போவாள். மறுபடி வருவாள். போன கிறிஸ்துமஸுக்கு, இனி வராதே என்று சொல்லிவிட்டேன்.”

“பிறகு?”

“வீடு அமைதியாக இருக்கிறது. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது.” கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. படித்தார். “இப்போது அடிவாரத்தில், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாளாம். மேலே வரட்டுமா, திரும்பிப் போகட்டுமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள்.”

திலகவதி வரைபடத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எல்லை அசையாமல் நிற்க வழியே இல்லையா, மேடம்?”

“இருக்கிறது. உரசிப்போக வெளியே எதுவும் இல்லாவிட்டால் போதும்.”

இருதயராஜ் பனியைப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்தார். வாசலில் தயங்கினார்.

“வந்தால் மறுபடியும் சண்டைதான் வரும்.”

“வரட்டும் சார். அந்தப் புள்ளிகளையும் அழிக்காதீர்கள்.”