முகமில்லாத ஆள்

மர்ஜானா ஊரில் ஒண்டிக்கட்டை. தர்கா சுவரில் சூஃபி ஞானத்தைப் படக்கதையாக வரைவாள். மார்க்கத்துக்கு அஞ்சி யாருக்கும் முகம் மட்டும் வரையமாட்டாள்.

அன்று அவள் வரைந்த ஆள், வீட்டுக் குப்பையைத் தெருச் சாக்கடையில் தள்ளிவிட்டு, "யா அல்லாஹ், என் உள்ளத்தைச் சுத்தமாக்கு" என்று கையேந்தி நின்றான்.

தர்கா நிர்வாகி உதுமான் ஹாஜியார் சுவர் முன் கூடிநின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏ புள்ள, என்னையா வரையிற? இது நானில்லேன்னு இப்பவே நிரூபி. இல்லாட்டி இந்தச் சுவரைத் தொடாதே!"

"நான் முகமே போடலையே ஹாஜியார். உங்க முகத்தை யார் கொண்டுவந்து வச்சா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஹாஜியார் விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினார்.

மறுநாள், குப்பையால் அடைத்துக் கிடந்த சாக்கடை தடையில்லாமல் ஓடியது. ஆனால் நேற்றுச் சிரித்தவர்கள்கூட, தங்கள் முகமும் அங்கே இருப்பதுபோல, சுவரைப் பார்க்காமல் தலைகுனிந்து போனார்கள். மர்ஜானாவுக்குத் துணையாக முகமில்லாத அந்த ஆள் மட்டும் நின்றான்.