பாங்கர் மரத்தின் கசப்பு

ஆசிரமத்தில் சமையல் என் பொறுப்பு. நடந்த கூத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரமம் இமயத்தில், கார்வால் மலையில் இருக்கிறது. நடத்துகிறவர் தென்காசிப் பக்கத்து அம்மா, வயது நாற்பத்தைந்துதான். சீடர் சடகோபன் அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். பெரிய என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தரவு போடுகிற பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

வாசலில் ஒரு பாங்கர் மரம். குதிரைக் கஷ்கொட்டை என்பார்களே, அந்த ஜாதி. ஒரு காம்பில் ஏழு இலை, விரித்த கை மாதிரி. மே மாதம் வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். பூவுக்குள் மஞ்சள் பொட்டு இருந்தால் தேன் உண்டு. தேன் தீர்ந்தால் பொட்டு சிவந்துவிடும், தேனீயும் அதை விட்டுவிடும். ஐப்பசியில் கொட்டை விழும். பளபளப்பைப் பார்த்தால் கடிக்கத் தோன்றும். ஆனால் அப்படியே தின்றால் விஷம்.

அதைச் சாப்பிடும் வழியைக் கீழ் ஊர் பிஷ்ணி தேவிதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தோலுரித்து, உடைத்து, சாக்கில் கட்டி, ஓடையில் ஏழு நாள் போட வேண்டும். பிறகு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் மறுபடியும் ஓடைதான். கசப்பு போன பிறகு காயவைத்து அரைத்தால் மாவு. தானியம் இல்லையென்பதால் விரத நாளில் அதில் அல்வா கிண்டுவார்கள்.

ஏகாதசிக்குக் கும்பகோணத்திலிருந்து முப்பது பேர் வருவதாக இருந்தது. ஐந்து நாள் இருக்கும்போதுதான் சடகோபனுக்குக் கொட்டை ஊறப்போடும் ஞாபகமே வந்தது. மூன்றாம் நாளே சாக்கை எடுத்துவிட்டார். கசக்கிறதே என்றேன். மலை அல்வா தருவதாகக் கடிதம் எழுதியாயிற்று, வெல்லத்தை இரண்டு மடங்காகப் போடு என்றார். போட்டேன். கசப்பு தெரியவே இல்லை. எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் பதினோரு பேருக்கு வாந்தி. மற்றவர்கள் தேறிவிட்டார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த பங்கஜத்தம்மாளுக்கு மட்டும் நிற்கவில்லை. கொட்டுகிற மழையில் நான்கு பேர் டோலியில் அவரைத் தூக்கிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். அம்மாவும் கூடவே போனார். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார் என்று சேதி வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சடகோபனுக்கோ மரத்தின் மேல் கோபம். இப்படி ஒரு நஞ்சை வாசலில் வளர்ப்பார்களா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் குதித்தார். வெல்லக் கதையைப் பற்றி மூச்சு விடவில்லை.  நானும் வாயைத் திறக்கவில்லை. கிண்டின கை என்னுடையது ஆயிற்றே.

நான்காம் நாள் காலையில் மரத்தை வெட்டச் சடகோபன் கூப்பிட்டிருந்த கிஷன் கோடாலியோடு வந்துவிட்டார். பிஷ்ணி தேவி ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தழையை வெட்டிக் காயவைத்துத்தான் பனிக்காலத்தில் அவளுடைய இரண்டு எருமைக்கும் தீனி. மரம் போனால் எருமையை விற்க வேண்டியதுதான் என்று அழுதாள். சடகோபன் அவளை விலகச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் அம்மா மலையேறி வந்து சேர்ந்தார். சேலை முழங்கால்வரை சேறு. சடகோபன் அவரை உட்காரக்கூட விடவில்லை.

"இது நஞ்சு மரம், அம்மா. நம்பி வருகிறவர்களைக் கொல்லவா இதை வைத்துக்கொண்டிருக்கிறோம்?"

அம்மா கீழே கிடந்த ஒரு கொட்டையை எடுத்தார். கிஷனின் கோடாலியை வாங்கி அதைப் பிளந்தார். தோலை நீக்கி ஒரு சிறு துண்டை நீட்டினார்.

"கடித்துப் பாருங்கள், சடகோபன்."

மாட்டேன் என்று சொல்ல அவருடைய கௌரவம் விடவில்லை. வாங்கிக் கடித்தார். அடுத்த நொடியே நாலடி தூரம் துப்பினார். குழாய்க்கு ஓடி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"ஏன் துப்பினீர்கள்?"

"கண்றாவி. வாயிலேயே வைக்க முடியவில்லை."

"நான் துப்பச் சொன்னேனா?"

"இல்லை."

"பிறகு யார் சொன்னது?"

சடகோபன் யோசித்தார். "அதுதான் கசக்கிறதே. சொல்லவா வேண்டும்?"

"ஆக, மரமே உங்களிடம் சொல்லிவிட்டது."

"அப்படி வைத்துக்கொள்ளுங்கள்."

அம்மா கோடாலியைக் கிஷனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பங்கஜத்தம்மாளிடம் மட்டும் அது ஏன் சொல்லவில்லை?"

சடகோபன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். கிஷன் வெட்டலாமா என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்று சடகோபன் கையைக் காட்டினார்.