மண் வாங்காத குடம்

மண்ணும் எண்ணெயும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மண்ணுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதுச் சாமான் எதுவானாலும், எடுத்துப்போகிறவரிடம் "எப்போது திருப்பித் தருவாய்?" என்று கேட்டுவிடும். பானை என்றால் உடைந்த அன்று, ஓலைப்பெட்டி என்றால் இற்ற அன்று என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

முத்துவீரி என்று ஒருத்தி. ஊற்று இரண்டு மைல் தள்ளி, கரட்டுப் பாதை. அந்தக் கோடையில் மட்டும் நாலு மண்குடம் இடுப்பிலிருந்து நழுவிச் சுக்குநூறாகிவிட்டது. வீட்டிலோ புருஷன் காய்ச்சலில் நாக்கு வறண்டு கிடக்கிறான். நாலாவது உடைந்ததும் வழியிலேயே உட்கார்ந்து அழுதாள். பாவம், வேறென்ன செய்வாள்?

பூமிக்கடியில் கிடந்த கறுப்பு எண்ணெய்க்கு மனசு கேட்கவில்லை.

"அழாதே தாயி. என்னைக் காய்ச்சிக் குடமாக்கிக்கொள். விழுந்தால் உடையமாட்டேன், தண்ணீரில் விட்டால் மிதப்பேன், கனமும் இருக்காது. அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே, இளகிவிடுவேன்."

அப்படியே செய்தாள். பச்சை நிறத்தில் குடம் வந்தது. இடுப்பில் வைக்கும்போது மண் வழக்கம்போலக் கேட்டது.

முத்துவீரிக்குத் திக்கென்றது. புதுக்குடத்தை எடுக்கிற நேரத்தில் உடைகிற பேச்சை யாராவது பேசுவார்களா?

"தரவே மாட்டேன்" என்றாள்.

"யோசித்துச் சொல். அப்புறம் நீயே கொண்டுவந்தாலும் வாங்கமாட்டேன்."

"வாங்கவேண்டாம். அவர் பிழைத்தால் போதும் எனக்கு."

தண்ணீர் சிந்தாமல் வீடு வந்தது. புருஷனும் பிழைத்துக்கொண்டான்.

வருஷங்கள் போயின. வெயிலில் கிடந்து கிடந்து குடத்தின் அடி விரிந்தது. வாயை வெட்டி மாட்டுக்குத் தவிடு வைத்தாள். அதுவும் விரிசல் விட்டபிறகு, செடி வைத்தாள். கடைசியில் குடமே, "போதும் தாயி, என்னைப் புதைத்துவிடு" என்றது.

குழி தோண்டிப் புதைத்தாள். அடுத்த மழைக்குக் குடம் மேலே கிடந்தது. இன்னும் ஆழமாகத் தோண்டினாள். அப்போதும் பச்சை மாறாமல் வந்து கிடந்தது.

"தெரியாமல் சொல்லிவிட்டேன், வாங்கிக்கொள்" என்று கெஞ்சினாள்.

"உன்னை வாங்கிக்கொள்வேன். இதை மாட்டேன்" என்றது மண்.

சொன்னபடியே, காலம் வந்தபோது முத்துவீரியை வாங்கிக்கொண்டது. அவள் பேரப்பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். குடம் அங்கேயே கிடந்தது.

அன்று முதல்தான், பிளாஸ்டிக்கை எத்தனை ஆழத்தில் புதைத்தாலும் மண் தின்பதில்லை.