தாலாட்டு நேரத்தில் நகரும் கலம்

கைபேசிக்குள் ஒரு நிலா இருந்தது. அந்த விண்கல விளையாட்டில் கோமளவல்லி தன் கலத்தை நிலாவில் இறக்கி நிறுத்திவிட்டு, குழந்தைக்குத் தூளி ஆட்டப் போவாள். மூன்று தாலாட்டு பாடித் திரும்பினால், கலம் தூக்கத்தில் புரண்டதுபோல மிதந்து போய்ப் பள்ளத்தில் கிடக்கும்.

அவளும் நாற்பது ஆட்டக்காரர்களும் ஏழு முறை புகார் எழுதினார்கள். விளையாட்டைச் செய்த பொறியாளர் சச்சிதானந்தம் அவர்களை வரவழைத்தார்.

"நான் செஞ்சதுல பிழையா? யாரும் தொடாம, என் கண்ணெதிர்ல கலம் நகரணும். இல்லேன்னா உங்க எல்லாரையும் ஆட்டத்தைவிட்டே தூக்கிடுவேன்!"

பெரிய திரையில் கலத்தை நிறுத்தினார்கள். பத்து எண்ணுவதற்குள் அவர் திரையைத் தட்டினார். "எங்கம்மா நகருது?"

"தட்டினா அது முழிச்சுக்கும் சார். கொஞ்ச நேரம் விட்டுவைங்க."

"எனக்கு ஏது நேரம்?"

கோமளவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "சரிங்க சார். இந்த நிலாவை எப்படித்தான் செஞ்சீங்க? அதையாவது சொல்லுங்களேன்."

அவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதலில் வரைந்த பள்ளம், வாங்கிய பரிசு, போட்ட மாலை என்று பேச்சு நீண்டது. அவர் முதுகுக்குப் பின்னால் வெள்ளை நிலாவில் கலம் இலைபோல மிதக்கத் தொடங்கியது.

"அப்புறம் சார்?" என்றாள் அவள், தாலாட்டும் குரலில்.

"அப்புறமென்ன? இதுல ஒரு குறை காட்டுங்க பார்ப்போம்!" என்று திரும்பினார். நிலாவில் கலம் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. "கலம் எங்கே?"

"நீங்க மாலை போட்டுக்கிட்டப்பவே கிளம்பிடுச்சு சார்."

சச்சிதானந்தம் அன்றுதான் புகாரைப் பிரித்துப் படித்தார். 'மூன்று தாலாட்டு நேரம் தொடாமல் விடவும்' என்று ஏழு தடவையும் எழுதியிருந்தது.