பதினாலாவது சொட்டு

நாளைக்குக் காலையில் வேதியியல் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து ஒரு டீச்சர் வந்து மார்க் போடுவார். இன்றைக்கு அதற்கு ஒத்திகை. எங்கள் வகுப்பில் எல்லோரும் ரீடிங்கை முதலில் எழுதிவிட்டு அப்புறம் பியூரெட்டைத் தொடுகிற புண்ணியவதிகள். அதனால் சீக்கிரமே முடித்துவிட்டுக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். பெனிட்டா மட்டும் நிஜமாகவே செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு நர்சிங் சீட் வேண்டும். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவர். அரை மார்க்கில் சீட்டைக் கோட்டை விட்ட யாரோ ஒருத்தியின் கதையை வீட்டில் தினமும் சொல்கிறாராம். பாவம், ஒரு வாரமாக இவளுக்குச் சோறே இறங்கவில்லை.

குடுவையில் இளஞ்சிவப்பாகக் காரக் கரைசல் இருக்கும். மேலே பியூரெட் என்கிற அளவுக்குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் போகிற நொடியில் குழாயின் திருகை மூட வேண்டும். இரண்டு தடவையாவது ஒரே அளவு வந்தால்தான் மார்க். அவளுக்கு முதல் தடவை 20.9 மில்லி வந்தது. அடுத்தது 20.4.

"ஏன் டீச்சர் எனக்கு மட்டும் ஒத்தே வரமாட்டேங்குது?" என்று கேட்டாள்.

எங்கள் குமுதவல்லி டீச்சர் அதட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. இரண்டாவது குடுவையைக் கையில் எடுத்தார்.

"நிறம் போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சு டீச்சர். தண்ணி மாதிரி இருக்கு."

டீச்சர் சொட்டுக்குழாயில் காரத்தை எடுத்துக்கொண்டார். "நான் விடுறேன். நீ எண்ணு."

பெனிட்டா எண்ணினாள். ஐந்து. எட்டு. சிவப்பு எட்டிப் பார்த்துவிட்டு, குலுக்கியதும் மறைந்தது. பதினொன்று. பதினாலாவது சொட்டில் நிறம் வந்து நின்றது.

"பதினாலு சொட்டு, 0.7 மில்லி. நிறம் போனதுக்கப்புறமும் இவ்வளவு விட்டிருக்கே. எதுக்கு?"

"போச்சா போகலையான்னே தெரியல டீச்சர். பயமா இருந்துச்சு. நல்லாவே போகட்டும்னு..."

டீச்சர் பியூரெட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். "இன்னொரு தடவை செய்."

ஒரே ஒரு தடவைக்குத்தான் காரம் மிச்சம் இருந்தது. பக்கத்து மேசையிலிருந்த நான் கழுவுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு சொட்டு. குலுக்கினாள். இன்னொரு சொட்டு. குலுக்கினாள். தாளுக்கு மேலே லேசாக ஒரு இளஞ்சிவப்புச் சாயல் இருந்தது. அடுத்த சொட்டில் அது இல்லை. திருகை மூடினாள். மறுபடி திறக்கத்தான் விரல் போனது. கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

19.7.

அவள் நோட்டில் எழுதியிருந்த முதல் இரண்டு எண்களையும் பார்த்தாள்.

"இதுவும் ஒத்து வரல டீச்சர். காரமும் தீர்ந்துபோச்சு. 20.4-னே ரெண்டு தடவை எழுதிடவா? எல்லாரும் அப்படித்தான்..." என்று எங்கள் பக்கம் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டீச்சர் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மொத ரெண்டும் உன் பயத்தோட அளவு. கேள்வியில அமிலத்தோட அளவைத்தான் கேட்டிருக்காங்க."