ஐஸ் ஃபேக்டரிக்கு என்ன விலை?

முதலீட்டு வங்கி வேலைக்கு ஆள் தயார் செய்யும் குருமார்களுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. நானூறு கேள்வி, நானூறு பதில், மனப்பாடம் செய்தால் வேலை நிச்சயம் என்று கூவுகிறார்கள். கோடம்பாக்கத்து மாடியறையில் சொல்லிக்கொடுக்கும் வேதவல்லி கூவுவதில்லை. அந்த வேலையைச் சில வருடம் பார்த்துவிட்டு விலகியவர். வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. படிக்க வந்த சீடன் ஜெபசிங்கைவிட ஒரு வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

அன்று மாலை ஜெபசிங் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான். காலை நேர்காணலில் அவனைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். அவன் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளில் இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதுவும் நாளை மறுநாள்.

“அநியாயம் மேடம். கேட்டதுக்கெல்லாம் மூச்சு விடாம பதில் சொன்னேன். கடைசியில கிண்டல் பண்ணி அனுப்பிட்டாங்க.”

“என்ன கிண்டல்?”

“அப்பா தூத்துக்குடியில ஐஸ் ஃபேக்டரி வச்சிருக்கார்னு பயோடேட்டாவுல போட்டிருந்தேன். அந்த ஃபேக்டரிக்கு என்ன விலை சொல்வீங்கன்னு கேக்கறாங்க. மத்த பசங்ககிட்ட பெரிய பெரிய கம்பெனியா கேட்டாங்க. எனக்கு மட்டும் ஐஸ் கட்டியா?”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“விடுவேனா? போன வருஷ லாபத்தை எடுத்தேன். இதே தொழில்ல இருக்கற கம்பெனிங்க லாபத்தைப்போல எத்தனை மடங்குக்கு விலை போகுதோ, அதால பெருக்கினேன். புத்தகத்துல இருக்கறபடியே சொன்னேன், ஒரு எழுத்து பிசகல. ‘நன்றி, போகலாம்’னுட்டாங்க. இதுக்கா ராத்திரி பகலா படிச்சேன்?”

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளைக் கிளிப்பிள்ளை ஆக்கிவிட்டு, கிளி பேசினால் முகம் சுளிக்கிற உலகம் இது. கேட்கிறவர்களுக்கும் வெட்கமில்லை, சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் வெட்கமில்லை.

வேதவல்லி எழுந்தார்.

“இடம் மாறி உக்காருங்க.”

மாறி உட்கார்ந்தார்கள்.

“இப்போ நீங்கதான் உங்க அப்பா. நான் அந்த ஃபேக்டரியை வாங்க வந்திருக்கேன். போன வருஷம் எவ்வளவு லாபம்?”

சொன்னான்.

“இந்தத் தொழில்ல ஆறு மடங்குதான் குடுக்கறாங்க. பெருக்கிட்டேன். இதான் விலை. கையெழுத்துப் போடுங்க ஐயா.”

அவர் நீட்டிய தாளில் இருந்த தொகையைப் பார்த்ததும் ஜெபசிங்கின் முகம் சிவந்தது. சென்னைப் பேச்சு நழுவிப் போய்விட்டது.

“என்னத்த மேடம் சொல்லுதீங்க? போன வருஷம் கம்ப்ரசர் மாத்துததுக்காக ஃபேக்டரிய அடைச்சுல்லா போட்டிருந்தோம்! அதுவும் எப்போ? மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு, போட்டெல்லாம் கடலுக்குப் போற நேரம். வருஷத்துலயே ஐஸுக்கு அடிதடி நடக்கிறது அப்போதான். அந்த வருஷ லாபத்த வச்சு விலை சொன்னா விளங்குமா?”

“மேல சொல்லுங்க.”

“புது கம்ப்ரசர் வந்தப்புறம் கரண்டு பில்லு எவ்வளவோ கொறஞ்சிட்டு. பக்கத்து ஃபேக்டரிக்காரரு லாரித் தண்ணி வாங்குதாரு. எங்களுக்குச் சொந்தக் கிணறு, நல்ல தண்ணி. கடனுக்கு ஐஸ் எடுத்தாலும் போட்டுக்காரங்க மீன் வித்ததும் முதல்ல எங்க அப்பாவுக்குத்தான் குடுப்பாங்க. இது எதையும் கேக்காம, வந்த உடனே பெருக்கிப் பாத்து விலை சொல்லுவீங்களோ? எங்க அப்பா உங்கள வாசல்லயே விட்டிருக்க மாட்டாரு!”

மேஜையை ஓங்கித் தட்டினான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

வேதவல்லி நீட்டிய தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“இதெல்லாம் காலையில சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“அவங்க கேட்டது டெக்னிக்கல் கேள்வி மேடம். இது எங்க வீட்டு விஷயம்.”

அதுவரை அமைதியாக இருந்த குருவின் குரலிலும் கோபம் ஏறியது.

“அப்படின்னா, காலையில எந்த ஃபேக்டரிக்கு விலை சொல்லிட்டு வந்தீங்க?”