பின்வாசல் வழியே ஏழாவது மாடிக்கு

மாசிலாமணி நகராட்சியில் கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரி. வாய்க்கால் கரையில் சிறு மடம் நடத்திவந்த வடிவம்மையின் சீடர். குருவைவிட அவருக்குப் பத்து வயது கூடுதல். அதைப் பற்றி இருவருமே நினைத்ததில்லை.

அன்று மடத்துக்குள் நுழையும்போதே அவர் முகம் சிவந்திருந்தது.

"அம்மா, பேராசையை வெச்சு நல்லது செய்ய முடியுமா?"

"என்ன நடந்தது?"

அவர் கொட்டித் தீர்த்தார். அந்த ஊரில் ஐந்து மாடிக்கு மேல் கட்டக் கூடாது. ஏழைகளுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று மாசிலாமணிதான் ஒரு விதியை எழுதினார். ஐந்தில் ஒரு வீட்டைக் குறைந்த விலையில் ஏழைகளுக்குக் கொடுப்பவர், மேலே இரண்டு மாடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். முதல் ஆளாக வந்தவர், வீடு கட்டி விற்கும் ரத்தினசபாபதி. ஏழு மாடி எழும்பிவிட்டது. ஏழைகளுக்கான வீடுகளையும் கட்டினார். ஆனால் கட்டடத்தின் முதுகுப்புறம், சாக்கடை ஓரமாக. நடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். போக வரத் தனியாக ஒரு பின்வாசல்.

"குடி வந்தவங்களை முன்வாசல் பக்கமே விடறதில்லம்மா. காவலாளி விரட்டறான். எனக்கு வயிறு எரியுது."



"நாளைக்கு அங்க திறப்பு விழா. குத்துவிளக்கு ஏத்த ரத்தினசபாபதி என்னைக் கூப்பிட்டிருக்காரு. நீயும் வா" என்றார் வடிவம்மை.

மறுநாள் காலை முன்வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. நாகசுரம் முழங்கியது. வீடு வாங்கியவர்கள் பட்டும் சரிகையுமாக நின்றார்கள். ரத்தினசபாபதி சால்வையோடு ஓடி வந்தார். வடிவம்மை அவரைக் கடந்து போனார். வாழைமரத்தையும் கடந்தார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு சாக்கடைப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, வாசல் இந்தப் பக்கம்!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் கூட்டமும் பின்னாலேயே போனது. பட்டுச் சேலைகள் முழங்கால்வரை உயர்ந்தன. சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

பின்வாசலை ஒட்டிய முதல் வீடு கோகிலத்தினுடையது. ஊரின் தெருக்களைக் கூட்டுபவள். இத்தனை பேரைக் கண்டதும் கையிலிருந்த குடத்தை இறக்கிவைத்தாள். வடிவம்மை உள்ளே போனார். ஜன்னல் திறந்திருந்தது. கையை நீட்டினால் சுவர் இடித்தது. பட்டப்பகலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, இந்த வீடு பிடிச்சிருக்கா?"

கோகிலம் ரத்தினசபாபதியைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, குரல் உயர்ந்துவிட்டது.

"வீடு குடுத்தாங்கம்மா. இல்லேங்கல. நாங்க இங்க இருக்கறது யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு செவுரையும் சேத்துக் குடுத்தாங்க. என் மாமியாருக்கு நெஞ்சு வலின்னு ஆம்புலன்ஸ் வந்துச்சு. முன் கேட்டைத் திறக்கல. சாக்கடையோரமா தூக்கிட்டு ஓடினோம். பொழைச்சது சாமி புண்ணியம்."

வடிவம்மை அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

"விளக்கை இங்க கொண்டு வாங்க."

ரத்தினசபாபதி குறுக்கிட்டார். "மேல ஏழாவது மாடியில எல்லா ஏற்பாடும் பண்ணியிருக்கு. அங்க வந்து..."

"அந்த மாடிக்கு வழி இதுதானே?"

கூட்டத்தில் ஒருவர் முன்னே வந்தார். ஏழாவது மாடியில் வீடு வாங்கியவர். "நாங்க எதுக்குங்க இந்த வழியா வரணும்?" என்றார்.

வடிவம்மை குரல் உயர்த்தி மாசிலாமணி கேட்டதில்லை. அன்று கேட்டார்.

"இவ வீட்டைக் காட்டித்தான் உங்க வீட்டுக்கு அனுமதி வாங்கினாங்க! உங்க ரெண்டு மாடியும் நிக்கறது இவ தலை மேல. இவ நுழையக் கூடாத வாசல்ல உங்களுக்கு மட்டும் என்ன உரிமை?"

வெளியே நாகசுரம் நின்றது.

ரத்தினசபாபதி சட்டென்று மாசிலாமணி பக்கம் திரும்பினார். "விதியில வாசலைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? எழுதினவர் இதோ நிக்கிறார். அவரையே கேளுங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். இல்லைதான். எழுதும்போது அவருக்குத் தோன்றவில்லை. மாசிலாமணி நிமிர்ந்து சொன்னார்.

"வாசலைப் பத்தி இல்ல. ஆனா வெளிச்சத்தைப் பத்தியும் ஆம்புலன்ஸ் வர்ற வழியைப் பத்தியும் எல்லாக் கட்டடத்துக்கும் சட்டம் இருக்கு. ரெண்டு மாடிக்கும் பணி நிறைவுச் சான்றிதழ்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல. அந்தச் சுவர் விழற வரைக்கும் போடவும் மாட்டேன்."

"கோர்ட்டுக்குப் போவேன்!"

"தாராளமாப் போங்க."

அன்று விளக்கு கோகிலத்தின் வீட்டில்தான் எரிந்தது.

சான்றிதழ் இல்லாமல் மேல்மாடிகளுக்கு மின்சாரம் வரவில்லை. தண்ணீரும் ஏறவில்லை. ரத்தினசபாபதி அமைச்சர்வரை போய்ப் பார்த்தார். மாசிலாமணியை மாற்றப் போவதாகப் பேச்சு அடிபட்டது. கடைசியில் ரத்தினசபாபதியை மடக்கியது மேல்மாடிக்காரர்கள்தான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு குடிபோக முடியாதவர்கள் தினமும் அவர் அலுவலகத்தில் சத்தம் போட்டார்கள். ஒரு நாள் இயந்திரம் வந்து சுவரை இடித்தது. முன்வாசல் எல்லோருக்கும் பொதுவானது.

மாசிலாமணி மடத்துக்கு வந்தார். கோபம் மட்டும் ஆறவில்லை.

"அந்த விதியையே ரத்து பண்ணச் சொல்லி எழுதப் போறேன்மா. பேராசை பிடிச்சவனை நம்பினது என் முட்டாள்தனம். ஏழைக்கு வீடு தர்றேன்னு வாயால சொன்னான். அன்னைக்கே ரெண்டு மாடிக்கும் அனுமதி குடுத்தேன். முன்னாடி ஏழு மாடி எழும்பி வித்து முடிஞ்ச பிறகுதான் பின்னாடி கடைக்காலே தோண்டினான். இவங்களை வெச்சு எந்த நல்லதும் நடக்காது."

"ரத்து பண்ணினா கோகிலம் மாதிரி இன்னொருத்திக்கு எப்படி வீடு வரும்?"

"அதுக்காக? இவன் மாதிரி ஆளுக்குத் திரும்பவும் மாடி குடுக்கச் சொல்றீங்களா?"

வடிவம்மை அவரை நேராகப் பார்த்தார்.

"மாட்டுக்குப் புல்லைக் காட்டி வண்டி இழுக்க வைக்கறதுல தப்பில்ல, மாசிலாமணி. வண்டி வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடியே புல்லை அது வாயில வெச்சது யாரு?"